சிறைவாசிகள் மறுவாழ்வுப் பணிக்கு நிதி தேடுகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சிறைக்குள்ளேயும், விடுதலையாகி வெளியே வருகிறவர்களோடும் வேலை செய்யும் சின்ன அறக்கட்டளைகளும் சங்கங்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பெரிய நிறுவனங்களுக்கு இதற்கெல்லாம் தனி ஆள் இருப்பார். ஆடிட்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் நிதி தேடுவதா, சிறை அனுமதி வாங்குவதா?

அனுமதிதான் முதலில். சிறைத்துறை கொடுத்த கடிதம் கையில் இல்லாமல் போனால் எந்த நிறுவனமும் உங்கள் திட்டத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டாது. புழலில் இரண்டு, வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று மாநிலத்தில் ஒன்பது மத்தியச் சிறைகள். இதில் எந்தச் சிறை, வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம், உள்ளே போகும் ஆட்கள் யார் யார், துறைக்கு ஒரு பைசா செலவு இல்லை, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கண்காணிப்பாளர் நல்லவராக இருந்து வாய்மொழியாக "வாங்க சார், ஆரம்பிங்க" என்று சொல்லிவிடலாம். அவர் மாற்றலாகிப் போன மறுநாள் நீங்கள் யார் என்றே கேட்பார்கள். அதனால் எழும்பூரில் உள்ள தலைமை அலுவலகம் வழியாக, அறக்கட்டளையின் பெயரில் எழுத்துப்பூர்வமாக வாங்குவதுதான் நிலைக்கும்.

புதியவர்களுக்கு இன்னொரு வழி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. சிறைகளில் அவர்களுடைய சட்ட உதவி மையம் நடக்கிறது. அங்கே சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்து ஆறேழு மாதம் ஒழுங்காக வந்து போனாலே சிறை அலுவலர்களுக்கு முகம் பழகிவிடும்.

நாங்கள் வெளியில் மட்டும்தான் வேலை செய்கிறோம். அப்போதும் அனுமதி வேண்டுமா?

சட்டப்படி வேண்டாம். ஆனால் ஆட்கள் உங்களிடம் எப்படி வந்து சேருவார்கள் என்று நிதி தருகிறவர் கேட்பார், அதற்குப் பதில் வேண்டும். நன்னடத்தை அலுவலர் அனுப்புகிறார், வழக்கறிஞர் அனுப்புகிறார், சிறைவாசியைச் சந்திக்க (மனு பார்க்க) வரிசையில் நிற்கும் குடும்பங்களிடம் நாங்களே பேசுகிறோம் என்று இரண்டு மூன்று வழிகளையாவது காட்டுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் ஆகச் சிறந்தது, ஏனென்றால் விடுதலைத் தேதி நெருங்குவது முதலில் தெரிவது அந்த அம்மாவுக்கோ மனைவிக்கோதான்.

என்னென்ன பதிவுகள் கட்டாயம்?

அறக்கட்டளை, சங்கம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் லாப நோக்கமற்ற நிறுவனம், எதுவாகவும் இருக்கலாம். நோக்கங்கள் பகுதியில் சிறைவாசிகள், விடுதலையானவர்கள், அவர்கள் குடும்பத்தார் நலன் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். "ஏழை எளியோர் நலன்" என்று பொதுவாக எழுதியிருந்தாலும் வாதாடிப் பார்க்கலாம், ஆனால் எதற்கு வம்பு.

அடுத்தது வருமான வரித்துறையின் 12ஏ (உங்கள் அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (உங்களுக்கு நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை) பதிவுகள். 2021 ஏப்ரலுக்குப் பிறகு இவை நிரந்தரமல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு, அப்புறம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். ஆண்டு வருமானம் ஐந்து கோடியைத் தாண்டாத சின்ன அமைப்புகளுக்கு 12ஏ பதிவை பத்து ஆண்டுக்குத் தரலாம் என்று 2025 பட்ஜெட்டில் தளர்த்தினார்கள். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டாலும் எல்லோரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். காலாவதித் தேதியை சுவரில் ஒட்டி வையுங்கள். நல்ல வேலை செய்த அமைப்புகள் ஒரு படிவத்தை மறந்து ஒரு வருட நிதியை இழந்த கதை இந்தத் துறையில் ஏராளம்.

அரசு மானியத்துக்கு நிதி ஆயோக்கின் தர்பன் எண், அதாவது தொண்டு நிறுவனங்களுக்கான பதிவு எண் வேண்டும். சிஎஸ்ஆர் பணத்துக்கு, அதாவது கம்பெனிகள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்கும் பணத்துக்கு, சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்க வேண்டும். மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு இல்லாமல் பெரிய பணம் எதுவும் வராது, இதில் குறுக்குவழி கிடையாது.

அரசே இதற்கு மானியம் தருகிறதா?

சிறையிலிருந்து வருகிறவரின் மறுவாழ்வுக்கென்று தொண்டு நிறுவனங்களுக்குப் பெரிய தொகை ஒதுக்கும் தனித் திட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பக்கத்து வாசல்கள் இருக்கின்றன, அவற்றில் நுழையத் தெரிய வேண்டும்.

போதைப் பழக்கம் முதல் வாசல். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல்திட்டம், மீட்பு மையம் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தருகிறது. விண்ணப்பம் இ-அனுதான் இணையதளத்தில். சிறையிலிருந்து வருகிறவர்களில் குடி, கஞ்சா, மாத்திரை என்று சிக்கியவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். ஏற்கனவே மையம் நடத்தும் அமைப்போடு கைகோத்தால், சிகிச்சைச் செலவை உங்கள் பட்ஜெட்டில் போட வேண்டியதில்லை.

தொழில் பயிற்சி அடுத்தது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் பயிற்சி நிறுவனங்களுக்குக் கட்டணம் கொடுத்துக் குறுகியகாலப் பயிற்சிகள் நடத்துகிறது. நீங்களே பயிற்சி நிறுவனமாகப் பதிவு செய்வதைவிட, பதிவான ஒருவரிடம் ஆளை அனுப்பி, அந்த மூன்று மாதம் அவர் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வேறு இடத்தில் நிதி கேட்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, 2023இல் மத்திய உள்துறை கொண்டுவந்த ஏழைச் சிறைவாசிகளுக்கான உதவித் திட்டம். ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாத விசாரணைச் சிறைவாசிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாமல் உள்ளேயே இருக்கும் தண்டனைச் சிறைவாசிக்கு 25,000 ரூபாய் வரை என்று அப்போது அறிவித்தார்கள். போதைப்பொருள், ஊழல், பணமோசடித் தடுப்பு, உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்குப் பொருந்தாது. இந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வராது, நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆனால் தகுதியானவர்களைக் கண்டுபிடிக்க இந்தத் திட்டத்துக்கான மாவட்டக் குழு சமூகப் பணியாளர்களின் உதவியை எடுத்துக்கொள்ளலாம் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. "எங்கள் களப்பணியாளர் ஒருவரின் சம்பளத்தைக் கொடுங்கள், அவர் மூலம் இத்தனை பேருக்கு அரசுப் பணம் போய்ச் சேரும்" என்று ஒரு கம்பெனியிடம் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

விடுதலையானவர்களுக்குத் தொழில் தொடங்க உதவும் சங்கம் ஒன்றும் சிறைத்துறையை ஒட்டி நெடுங்காலமாக இயங்குகிறது. நன்னடத்தை அலுவலரிடம் கேட்டால் விண்ணப்பம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு, பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் இருந்தால், 2025இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். இதெல்லாம் பயனாளிக்கு நேராகப் போகிற பணம், உங்கள் வேலை விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது.

"கைதிகளுக்கா? எங்கள் போர்டு ஒத்துக்கொள்ளாது" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். சிஎஸ்ஆர் சட்டத்தில் இது வருமா வராதா?

வரும். சிஎஸ்ஆர் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று பட்டியலிடும் கம்பெனிச் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் "சிறை" என்ற சொல் இல்லை, அதை வைத்துத்தான் பயப்படுகிறார்கள். கல்வி, வேலைக்கான திறன் பயிற்சி, மருத்துவம், சமூக பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்களின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அந்தப் பட்டியலில் எந்த வகையின் கீழ் வருகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுடைய கம்பெனி செயலருக்கு வேலை மிச்சம்.

மனத்தடைதான் பெரியது. ஒரு எண்ணிக்கையை முதலில் சொல்லுங்கள்: 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல், விசாரணைச் சிறைவாசிகள், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். இதைக் கேட்டதும் அறையில் பேச்சு மாறும். பெண் சிறைவாசிகள், ஆறு வயதுவரை அம்மாவோடு உள்ளேயே வளரும் பிள்ளைகள் என்று தொடங்குவதும் எளிது. ஆனால் கொலை வழக்கில் பதினான்கு வருடம் இருந்து வெளியே வந்தவரோடும் வேலை செய்கிறீர்கள் என்றால் அதை மறைக்காதீர்கள். பின்னால் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டால் பணத்தோடு உறவும் போய்விடும்.

எந்த மாதத்தில் அணுகுவது நல்லது?

மே முதல் ஜூலை வரை. பல கம்பெனிகள் கணக்கு முடித்து, லாபத்தில் அந்த ஆண்டு சிஎஸ்ஆருக்குச் செலவிட வேண்டிய இரண்டு சதவீதம் எவ்வளவு என்று பார்த்துத் திட்டம் போடும் காலம். பிப்ரவரி, மார்ச்சில் திடீரென்று அவர்களே கூப்பிட்டு "மார்ச் 31க்குள் செலவழிக்க முடியுமா?" என்பார்கள். மகிழ்ச்சியில் சரி என்று சொல்வதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை. மார்ச் 28ஆம் தேதி எட்டு லட்சம் உங்கள் கணக்கில் விழுந்தால், ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்திருக்க வேண்டும் என்ற வரி விதி உங்கள் கழுத்தில் உட்காரும். அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லத் தனிப் படிவம் உண்டு, அதைக் கெடு தேதிக்குள் போட வேண்டும். முடிந்தால் பல ஆண்டுத் திட்டமாக ஒப்பந்தம் போடச் சொல்லுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது, மீதிப் பணத்தைக் கம்பெனியே தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளும்.

தையல் மெஷின் கொடுக்கிறேன் என்கிறார்கள், சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. உள்ளே மெஷினுக்குப் பஞ்சமே இல்லை. வேலூரில் காலணி தைக்கிறார்கள், கோவையில் தறி ஓடுகிறது, புழலில் அடுமனை இருக்கிறது, இந்தியன் ஆயிலோடு சேர்ந்து சிறைவாசிகளே நடத்தும் பெட்ரோல் பங்குகள் வந்துவிட்டன. இருபது மெஷினும் ரிப்பன் வெட்டும் படமும் ஒரு நாளில் முடிந்துவிடும். ஆள் விழுவது உள்ளே அல்ல, வெளியே வந்த முதல் சில வாரத்தில்.

சாயங்காலம் கேட்டைத் தாண்டி வருகிறார் என்று வையுங்கள். கையில் ஒரு துணிப்பை, சிறையில் சம்பாதித்த கொஞ்சம் பணம். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் எப்போதோ செத்துவிட்டது, அதனால் ஓடிபி வராது. ஓடிபி வராததால் வங்கிக் கணக்கு திறக்காது. ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள். இன்னொரு வழக்கில் வாய்தா தேதி அவருக்குத் தெரியாது, போகாமல் விட்டால் பிடிவாரண்ட். அண்ணன் வீட்டில் ஏற்றுக்கொள்வாரா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். இதில் எதற்காவது தையல் மெஷின் உதவுமா? கூடவே ஓடுகிற ஒரு ஆள் உதவுவார். அந்த ஆளின் சம்பளம்தான் திட்டம்.

ஆகவே சம்பளத்தை "நிர்வாகம்" என்ற தலைப்பில் ஒளித்து வைக்காமல் முதல் வரியாகப் போடுங்கள். ஒரு சிறையிலிருந்து வரும் 60 பேருக்கு ஒரு ஆண்டு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். களப்பணியாளர் இரண்டு பேர், மாதம் 20,000 வீதம் 4,80,000. ஒருங்கிணைப்பாளர் ஒருவர், மாதம் 28,000 வீதம் 3,36,000. பயணம், போன் 1,00,000. பஸ் காசு, சாப்பாடு, தங்க இடம், அடையாள அட்டை வேலைகளுக்கு ஆளுக்கு 4,000 வீதம் 2,40,000. இருபத்தைந்து பேருக்குத் தொழில் கருவி, 12,000 வீதம் 3,00,000. கணக்காளர், தணிக்கை 90,000. மொத்தம் 15,46,000. பாதிக்கு மேல் சம்பளம்தான். ஆளுக்குக் கிட்டத்தட்ட 25,800 ரூபாய் வருகிறது, அதையும் நீங்களே வகுத்து எழுதிவிடுங்கள், எப்படியும் அவர்கள் வகுத்துப் பார்ப்பார்கள்.

"நிர்வாகச் செலவு ஐந்து சதவீதம்தானே அனுமதி?" என்று சில சிஎஸ்ஆர் மேலாளர்கள் சொல்வார்கள். அந்த ஐந்து சதவீதம் கம்பெனி தன்னுடைய சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கு. திட்டத்தை நேரடியாகச் செயல்படுத்த ஆகும் செலவு அதில் சேராது. விதியின் வாசகத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள், சண்டை போடாமல் காட்டுங்கள்.

வெளிநாட்டுப் பணம் வாங்கலாமா?

எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இருந்தால் வாங்கலாம். மூன்று ஆண்டு பழமையும், அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் நலப்பணிக்குச் செலவழித்த கணக்கும் கேட்பார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்குக்குத்தான் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முக்கியமாக, பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பது அடியோடு நின்றுவிட்டது. "அவங்க வாங்கி நமக்குக் கொடுப்பாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம்: நேரடியாக நலப்பணி செய்பவரின் சம்பளம் இந்த 20 சதவீதத்தில் வராது என்று வாதாடலாம். ஆனால் நியமன ஆணையில் "அலுவலக நிர்வாகி" என்று அடித்துவிட்டு ஆளைச் சிறைக்கும் கோர்ட்டுக்கும் அனுப்பினால் ஆடிட்டர் என்ன செய்வார்?

இணையத்தில் தேடினால் அமெரிக்க அரசின் "செகண்ட் சான்ஸ்" நிதிதான் முதலில் வருகிறது. நாங்கள் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. 2008இல் அங்கே வந்த செகண்ட் சான்ஸ் சட்டத்தின் கீழ் அந்த நாட்டு மாநிலங்கள், உள்ளூர் அரசுகள், அங்குள்ள தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பது. விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் அது ஏமாற்று. ஆனால் அவர்களுடைய விண்ணப்ப அறிவிப்புகளைப் படிப்பதில் லாபம் உண்டு. சிறைக்குள்ளிருக்கும்போதே திட்டம் போட்டு வெளியில் தொடர்வது, ஒவ்வொருவரின் தேவையையும் மதிப்பிடுவது என்று கேள்விகளை நன்றாக அடுக்கியிருப்பார்கள்.

முடிவுகளை எப்படிக் காட்டுவது? "மீண்டும் குற்றம் செய்தவர் பூஜ்யம்" என்று எழுதலாமா?

எழுதவே எழுதாதீர்கள். உங்களால் அதைச் சரிபார்க்க முடியாது, ஒருவர் பிடிபட்டாலும் மொத்த அறிக்கையும் பொய்யாகிவிடும். ஏழாம் நாள், முப்பதாம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் தொடர்பில் இருக்கிறாரா, ஆதார், வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு கைக்கு வந்ததா, வாய்தாவுக்குப் போனாரா, ஒரே வேலையில் மூன்று மாதம் தாங்கினாரா. இவை எண்ணக்கூடியவை. தொடர்பு அறுந்தவர்களுக்கு என்று ஒரு கட்டத்தை அட்டவணையில் வைத்து அதை நிரப்புங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் அறிக்கையை அனுபவமுள்ள எந்த நிதியாளரும் நம்புவதில்லை.

விசாரணைச் சிறைவாசிகளுக்கு மூன்று மாதப் பயிற்சி என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. அவருக்கு எந்த நாளும் ஜாமீன் கிடைக்கலாம். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்திருந்தால் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்கிறது, சில விதிவிலக்குகளோடு. பாதியில் போனவரைத் "தோல்வி" என்று எழுத வேண்டிய நிலை வரும். அவர்களுக்கு இரண்டு வாரத் துண்டுகளாகப் பிரித்து வையுங்கள்.

என்ன வேலை வாங்கித் தருகிறோம் என்று எழுதுவது?

செக்யூரிட்டி வேலை என்று மட்டும் எழுத வேண்டாம். தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான 2005 சட்டப்படி ஆளின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், அங்கேயே நின்றுவிடும். காவல்துறைச் சான்று கேட்கும் எந்த வேலையும் இப்படித்தான். கொத்தனார், பெயின்டர், பிளம்பர், தள்ளுவண்டி, மெக்கானிக் கடை, கேட்டரிங் இவற்றில் வழி இருக்கிறது. தொழில் தொடங்க உதவுவதாக இருந்தால் ரொக்கமாகக் கொடுக்காமல் கடைக்காரருக்கு வங்கி வழியாகக் கட்டி, பில்லைப் பயனாளியின் பெயரில் வாங்குங்கள். தணிக்கைக்கும் நல்லது, அவரிடம் கடன்காரர்கள் பிடுங்கிக்கொள்வதும் குறையும்.

நிதி தருகிறவர்கள் படம், வீடியோ கேட்கிறார்கள்.

ஒப்பந்தம் போடும்போதே முடியாது என்று எழுதிவிடுங்கள். சிறைக்குள் படம் எடுப்பதற்கு உள்துறை அமைச்சகம் 2015இலேயே வழிமுறை வகுத்து, ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை வரை பேசியிருக்கிறது. சிறார் என்றால் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு. வெளியே வந்த பெரியவர் சம்மதித்தாலும், இன்று சம்மதிப்பவர் நாளை தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அந்தப் படம் இணையத்தில் கிடக்கும். கைகள், கருவிகள், செய்த பொருள், பெயரில்லாத கையெழுத்துக் கடிதம் போதும்.

சின்னத் தொகைகளுக்கு என்ன வழி?

ரோட்டரி, லயன்ஸ், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பழைய மாணவர் சங்கம். பொருளாகக் கேட்டால் உடனே கிடைக்கும். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே "கூண்டுக்குள் வானம்" என்று அரங்கு போட்டுச் சிறை நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கியது, மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். தனி நபர்களிடம் 80ஜி சலுகையைச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்; புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது, மாதச் சம்பளக்காரர்களில் நிறையப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் பழைய முறையில் இருப்பவருக்கும் பலன் இல்லை.

நிதி நடுவில் நின்றுவிட்டால்?

நிற்கும். 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை, ஒப்புதல் கொடுத்து ஓடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான மானியங்களையே திடீரென்று நிறுத்தியது. அரசுக்கே அப்படி என்றால் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் தலைவர் மாறியதும் நிற்பதில் ஆச்சரியமில்லை. ஒரே இடத்திலிருந்து மொத்தச் செலவில் பாதிக்கு மேல் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். களப்பணியாளர்களின் மூன்று மாதச் சம்பளம் தனியாக இருக்கட்டும், அதை அன்பளிப்புப் பணத்திலிருந்து சேருங்கள், திட்டப் பணத்திலிருந்து அல்ல. நின்றுபோகும் நிலை வந்தால் புதிய ஆட்களைச் சேர்ப்பதை முதலில் நிறுத்திவிட்டு, ஏற்கனவே கைபிடித்தவர்களின் ஆறு மாதத்தை முடித்துக் கொடுங்கள். சிறைக் கண்காணிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் காணாமல் போன அமைப்புக்கு அடுத்தமுறை அனுமதி கிடைப்பது கஷ்டம்.